கேட் (CAD) பைலை அன்ரியலுக்குள்ள எடுத்ததும் உருளை பட்டை பட்டையா வந்தா என்ன பண்றது

இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை பெக்டரிக்குப் புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்க கம்ப்யூட்டர்லயே ரோலர் மெசினைச் சுத்திப் பார்த்துப் பழகுற மாதிரி ஒண்ணு செஞ்சுகிட்டு இருக்கேன். மெசின் ஸ்டெப் (STEP) பைலா, அதாவது மெசின் டிசைன் பண்ற கேட் சாப்ட்வேர்ல வரைஞ்ச பைலா கிடைச்சுச்சு, டேட்டாஸ்மித்ங்கிற இம்போர்ட் கருவி வழியா அன்ரியல்ங்கிற 3டி கேம் எஞ்சினுக்குள்ள எடுத்தேன், கொழுந்து கொட்டுற ஜக்கட் வட்டமா வரவேண்டியது கத்தியால சீவின மாதிரி பட்டை பட்டையா வந்து நின்னுச்சு.

கேட்ல உருளைங்கிறது கணக்கால எழுதின வளைவு, எஞ்சினுக்கு முக்கோணம் மட்டும்தான் தெரியும், அந்த வளைவை முக்கோணமா உடைக்கிறதுதான் டெசலேசன். அப்ப கோளாறு உடைச்ச விதத்துல இருக்கு. வந்த மெஷ்ஷை, அதாவது அந்த முக்கோணக் கூட்டை, பிளெண்டர்ங்கிற 3டி சாப்ட்வேருக்குக் கொண்டுபோய் ஸ்மூத் போட்டுத் தேய்க்காதீங்க, பட்டை அப்படியே இருக்கும், நிழல் மட்டும்தான் மாறும்.

முதல்ல ஆல்ட்டையும் 2ஐயும் சேர்த்து அழுத்தி முக்கோணக் கோடு மட்டும் தெரியுற வயர்பிரேம்ல பாருங்க, உருளையைச் சுத்தி எத்தனை பட்டைன்னு எண்ணுங்க. எனக்கு 18 வந்துச்சு. அந்த 18தான் விசயத்தைச் சொல்லிச்சு.

இம்போர்ட் பண்ணும்போது கோர்ட் டாலரன்ஸ் 0.2 சென்டிமீட்டர், நார்மல் டாலரன்ஸ் 20 டிகிரின்னு தானா இருக்கும். முதலாவது, முக்கோணம் நிஜ வளைவை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம்ங்கிறது. ரெண்டாவது, பக்கத்துப் பக்கத்து முக்கோணம் எவ்வளவு திரும்பலாம்ங்கிறது, வட்டம் 360 டிகிரி, 20ஆல பிரிச்சா 18. எது கூடப் பட்டை கேக்குதோ அதுதான் ஜெயிக்கும். 60 சென்டிமீட்டர் ஆரம் உள்ள ஜக்கட்டுக்கு 0.2 போட்டாலே கிட்டத்தட்ட 39 பட்டை வரணும், 18தான் வருதுன்னா எஞ்சின் அதை ரொம்பச் சின்ன சாமானா நினைச்சிருக்கு. பார்த்தா அங்குலத்துல வரைஞ்சதை மில்லிமீட்டர்னு சேவ் பண்ணியிருக்காங்க, 25.4 மடங்கு சின்னதா வந்ததை நான் இழுத்துப் பெருசாக்கியிருக்கேன். அளவை கேட்லயே திருத்தி மறுபடி எடுங்க, உள்ள வந்தபிறகு ஸ்கேல் பண்ணாதீங்க.

அளவு சரியாகியும் பட்டை தெரிஞ்சா கோர்ட்டை 0.05 ஆக்குங்க, ஜக்கட் 77 பட்டைக்கிட்ட வந்துரும், கண்ணுக்கு வழவழன்னு இருக்கும். நார்மலைத் தொடாதீங்க, எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். அரை சென்டிமீட்டர் ஆரம் உள்ள போல்ட்டுக்கு கோர்ட் 0.2ன்னாலும் 0.05ன்னாலும் அதே 18தான், ஆனா நார்மலை 10 ஆக்கினீங்கன்னா ஒவ்வொரு போல்ட்டும் 36 ஆயிரும், மெசின்ல நூத்துக்கணக்குல போல்ட் இருக்கு, லேப்டாப் மூச்சு வாங்கும். உள்ளுக்குள்ள மறைஞ்சு கிடக்கிற போல்ட்டை கேட்லயே எடுத்துட்டு வந்தா இன்னும் நல்லம். மேக்ஸ் எட்ஜ் லென்த் 0லயே இருக்கட்டும், அதுக்கு நம்பர் குடுத்தா தட்டையான தகடு கூட சும்மா துண்டு துண்டாகும்.

மூட்டுல கீறல் மாதிரி இடைவெளி தெரிஞ்சா மூட்டை ஒட்டவைக்கிற ஸ்டிச்சிங் செட்டிங்ல ஹீல் (Heal) போடுங்க. ஸோ (Sew)ன்னு இன்னொண்ணு இருக்கு, அது ஒட்டின மாதிரி தெரியுற எல்லாத்தையும் சேர்த்துத் தைக்கப் பார்க்கும், தனியாத் திறக்கவேண்டிய மூடி ஜக்கட்டோட ஒண்ணாயிரலாம், அதனால கடைசி வழியா வச்சுக்கங்க. ஒரு பக்கம் பார்த்தா மொகமே காணாமப் போற இடம் நார்மல், அதாவது அந்த முகம் பார்க்கிற திசை, திரும்பினது, அதை மட்டும் பிளிப் பண்ணினா போதும்.

ஒரே ஒரு சாமான்தான் சரியில்லைன்னா முழு பைலையும் திரும்ப எடுக்கத் தேவையில்ல. அந்த மெஷ்மேல ரைட் கிளிக் பண்ணி டேட்டாஸ்மித்ல ரீடெசலேட் குடுங்க. நான் பெல்ட் ஓடுற ரோதைக்கு (சக்கரத்துக்கு) மட்டும் அப்படி கோர்ட் 0.02 போட்டேன். பெக்டரி மெசினைக் காக்கிற சாமின்னு ரோதைமுனிக்குப் பூசை வைக்கிற சனங்க கிட்ட கோணல் ரோதையைக் காட்ட எனக்கு மனசு வரல.