எல்கேஜிலயே வாசிப்பு சிரமத்த கண்டுபிடிக்கறோம்னு போயி பண்ற தப்புங்க

சேலத்துலயும் ஏற்காட்டுலயும் நர்சரி ஸ்கூலுங்களுக்குப் போயி, பின்னாடி வாசிக்க சிரமப்படப்போற புள்ளைங்கள முன்கூட்டியே அடையாளம் பாக்கறது என் வேலை. இப்ப புதுசா வர்ற ஸ்பெஷல் எஜுகேட்டருங்க, நாங்க ஆரம்பத்துல சறுக்குன அதே எடத்துல சறுக்கறாங்க. ஃபாரம் தப்பா ஃபில் பண்றது, தூக்கக் கலக்கத்துல இருக்கற புள்ளைக்கு டெஸ்ட் வைக்கறது எல்லாம் தானா சரியாயிடும், அத விடுங்க.

ஒப்பிச்சா எழுத்து தெரியும்னு டிக் அடிக்கறது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மலையில ஒரு ஸ்கூலு, காபி எஸ்டேட்டு வேலைக்குப் போறவங்க பொண்ணு, யூகேஜி. அ-ல இருந்து ஃ வரைக்கும் ராகம் போட்டு சொன்னா, மிஸ்ஸுக்கு ஏக சந்தோஷம், என்கூட வந்த புதுப் பையனும் டிக் போட்டுட்டான். நான் அட்டைங்கள கலைச்சு 'ஒ'வ மட்டும் எடுத்துக் காட்டுனேன். அவ கண்ணு செவுத்துல ஒட்டியிருந்த சார்ட்டுக்குப் போகுது, அ-ல இருந்து ஒவ்வொண்ணா முணுமுணுத்துகிட்டே வந்து அந்த உருவம் வந்ததும் நின்னு 'ஒ'ங்கறா. "கரெக்டா சொல்லிட்டா பாத்தீங்களாக்கா"ங்கறான் பையன். சார்ட்ட துண்டு போட்டு மூடுனேன், அடுத்த அட்டைக்கு புள்ள வாயே தெறக்கல.

வாசிப்பு எப்படி வரும்னு முன்கூட்டி சொல்றதுல எழுத்தறிவுக்கு, அதாவது எழுத்துங்கள அடையாளம் தெரியறதுக்கு, பெரிய பங்கு இருக்கு, ஆனா அது கலைச்சுப் போட்டாலும் பாத்த உடனே வர்ற எழுத்தறிவு. வரிசை வேற, அது பாட்டு. இந்த மாதிரி புள்ளைங்க ஒண்ணாவதுல பாடத்தையே மனப்பாடம் பண்ணி புக்க தலைகீழா வெச்சாலும் படிச்சுட்டுப் போயிடும், நம்ம டிக்க நம்பி யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, அப்புறம் 247 எழுத்தும் கொம்பு காலோட வந்து, பாக்காத வார்த்தையா வர ஆரம்பிச்சதும் நின்னுடும். "நல்லாத்தானுங்க படிச்சான், திடீர்னு என்னாச்சு"ன்னு அம்மா அழுவாங்க. திடீர்னு ஒண்ணும் ஆகல, ஒதவி பண்ணியிருக்க வேண்டிய ரெண்டு வருசத்த நாமதான் தின்னுட்டோம். அதனால அட்டைய கலைங்க, சார்ட்ட மூடுங்க, பதிலோட சேத்து அது எப்படி வந்துச்சுன்னும் எழுதுங்க.

கண்ணாடி எழுத்துக்கு பயப்படறது

எழுத்த கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா திருப்பி எழுதறத அந்த வயசுல நெறைய புள்ளைங்க பண்ணும்.

வேகத்த விட்டுடறது

நல்லா தெரிஞ்ச அஞ்சு படத்த மாத்தி மாத்தி 50 கட்டத்துல போட்டு, வரிசையா பேர் சொல்லச் சொல்லி ஸ்டாப்வாட்ச் வைங்க. 1970கள்ல மார்த்தா டெங்க்லாவும் ரீட்டா ருடெலும் அமெரிக்காவுல கொண்டு வந்த டெஸ்ட்டு இது. பேர் தெரிஞ்சும் ரொம்ப மெதுவா வந்தா, பின்னாடி தப்பில்லாம ஆனா இழுத்து இழுத்து படிக்கற ரகமா ஆக வாய்ப்பிருக்கு.

இங்கிலீஷ் டெஸ்ட்ட அப்படியே தமிழாக்கறது

நெட்ல எடுத்த ஷீட்ட வெச்சு 'கல்'ல 'க்'க எடுத்தா என்னன்னு நாலு வயசு புள்ளகிட்ட கேட்டா அது முழிக்கத்தான் செய்யும். நம்ம எழுத்து அசை அசையா போகுது, க-வையும் கி-யையும் கத்துகிட்டு வரவரத்தான் 'க்'க தனியா பிரிக்கற அந்த நுணுக்கம் பிடிபடும். 'தவளை'ல 'த'வ எடுத்தா என்ன வருதுன்னு கேளுங்க, 'வளை'ன்னு சிரிச்சுகிட்டே சொல்லும். யூகேஜி முடியறப்பவும் இதுவே வரலைன்னா அப்ப குறிச்சுக்குங்க.

டிஸ்லெக்சியான்னு எழுதறது

வாசிப்புல வர்ற குறைபாட்டுக்கு டாக்டருங்க வெச்ச பேரு அது, எழுதாதீங்க. இப்ப தெரியறது ரிஸ்க் மட்டும்தான், ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பாருங்க.

குடும்பத்த மேலோட்டமா விசாரிக்கறது

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாசிக்கற சிரமம் இருந்தா புள்ளைக்கும் வர்ற வாய்ப்பு நல்லாவே ஜாஸ்தி. ஆனா "அவரு எட்டாவதோட நின்னுட்டாரு"ங்கறத வெச்சு முடிவு பண்ணாதீங்க, தறிக்குப் போறதுக்காக நின்னவங்க இங்க எத்தனையோ பேரு. இப்பவும் மெசேஜ் வந்தா யாரையாச்சும் படிச்சுச் சொல்லச் சொல்றாரா, வாய்ஸ் மட்டும்தான் அனுப்பறாரான்னு கேளுங்க. வீட்டுல என்ன பாஷைன்னும் அப்பவே கேட்டுடுங்க. அம்மாபேட்டை பக்கம் சௌராஷ்ட்ராவோ தெலுங்கோ பேசற வீட்டுப் புள்ளைக்கு படத்தோட பேர் தமிழ்ல வரலைன்னா அது வேற கணக்கு.