பதிவாளர் அலுவலகத்தில் வேலையா? உங்கள் பாடத்திட்டம் கவுன்ட்டரிலேயே இருக்கிறது

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கோ மாணவர் சேவைப் பிரிவுக்கோ வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வேலைக்கென்று படித்துவிட்டு வருவதில்லை. வணிகவியலோ வரலாறோ படித்தவர் வந்து உட்காருகிறார், பக்கத்து சீட்டுக்காரர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார், ஐந்து வருடம் கழித்து அதே தவறுகளையும் சேர்த்தே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நடுவில் ஒரு பயிலரங்கம், ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. நானும் இந்த வரிசையில் வந்தவன்தான். என்றோ ரத்தாகிப்போன விதி ஒன்றை நம்பி, ஒரு மாணவியைக் கையெழுத்துக்காக மூன்று முறை அலையவிட்டிருக்கிறேன்.

அதனால் முதலில் எந்த கோர்ஸையும் தேடாதீர்கள். ஒரு நோட்டை எடுங்கள், எக்செல் ஷீட் என்றாலும் சரி. இரண்டு வாரத்துக்கு, நேரிலும் போனிலும் மெயிலிலும் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரே வரியில் குறித்து வையுங்கள்: என்ன கேட்டார், உடனே பதில் சொல்ல முடிந்ததா, இல்லையென்றால் யாரிடம் அனுப்பினோம். மாணவர் பெயரும் பதிவெண்ணும் வேண்டாம். கூட்டம் அலைமோதும் நாட்களில் செய்யுங்கள், அதாவது பாடப் பதிவு நேரத்திலோ தேர்வு முடிவு வரும்போதோ. ஓய்வான மாதத்தில் எடுத்தால் எல்லாம் நமக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும்.

கடைசியில், யாரிடம் அனுப்பினோம் என்று எழுதிய அந்த மூன்றாவது கட்டத்தை மட்டும் பாருங்கள். "இந்தப் பாடத்தை விட்டுவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமா?" என்ற கேள்வியோடு பத்துப் பேரை நிதிப் பிரிவுக்கு அனுப்பியிருந்தால், உங்களுக்குத் தேவை அந்தப் பிரிவில் ஒருவரோடு அரை மணி நேரம். தகவல் தொடர்புத் திறன் பயிலரங்கம் இதற்கு உதவாது.

அடுத்து, சீட் மாற்றி உட்காருங்கள். பதிவேடு பார்க்கிறவர் அரை நாள் மாணவர் சேவைக் கவுன்ட்டரில், அங்கிருப்பவர் அரை நாள் பதிவேட்டுப் பக்கம். உள்ளே இருப்பவருக்குத் தற்காலிக விடுப்பும் படிப்பிலிருந்து விலகலும் வெறும் இரண்டு குறியீடுகள்தான். ஆனால் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு, எந்தக் குறியீட்டை எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து விசாவே சிக்கலாகலாம். அந்த முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்தவர் அப்புறம் தேதியை அவசரத்தில் தட்டமாட்டார்.

கணினி விஷயத்தில் பெரிய கனவெல்லாம் வேண்டாம். எக்செலில், தரவை வகைப்படுத்தித் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும், ஒரு பட்டியலிலிருந்து பொருந்தும் விவரத்தைத் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்கப்பும் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. ஆர்வமிருந்தால், தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்க உதவும் எஸ்க்யூஎல் மொழியில் செலக்ட், வேர், ஜாயின், குரூப் பை என்று நான்கு கட்டளைகள், அன்றாட அறிக்கைகளுக்கு அதுவே நிறைய. முக்கியமான இடம் ஒன்று உண்டு: எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது, மீதியைப் பூஜ்யமாக்கிவிடும், முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். பதிவெண் உள்ள கட்டத்தை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் தரவை உள்ளே கொண்டுவர வேண்டும். அப்புறம், "எத்தனை பேர் படிக்கிறார்கள்?" என்று மேலிடம் கேட்டால் உடனே எண்ணைச் சொல்லாதீர்கள். எந்தத் தேதி நிலவரம், பகுதிநேர மாணவர்களும் சேர்த்தியா, விடுப்பில் இருப்பவர்கள் கணக்கில் வருவார்களா என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு பிரிவுகள் இரண்டு எண் கொடுத்துச் சண்டை போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தனியுரிமைச் சட்டத்தைப் படித்தால் மட்டும் போதாது, நடித்துப் பழக வேண்டும். அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு ஃபெர்பா சட்டப்படி, மாணவர் 18 வயதைத் தொட்டாலோ உயர்கல்வியில் சேர்ந்தாலோ பதிவேட்டின் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து அவருக்கே போய்விடுகிறது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் இருப்பது ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் நாட்டில் எது பொருந்துமோ அதை எடுத்துக்கொண்டு, ஒருவர் கோபமான தந்தையாகப் போனில் பேசட்டும், இன்னொருவர் மார்க்கைச் சொல்லாமலும் முகத்தில் அடித்த மாதிரி மறுக்காமலும் சமாளிக்கட்டும். சிரிப்பாக இருக்கும். ஆனால் உண்மையான அழைப்பு வரும்போது வாயில் வார்த்தை தயாராக இருக்கும்.

கவுன்ட்டரில் ஒரு மாணவர் உடைந்து அழுதால் நீங்கள் ஆலோசகராக மாற வேண்டியதில்லை. எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பாமல், அவர் எதிரில் இருக்கும்போதே ஆலோசனை மையத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள், முடிந்தால் கூடவே நடந்து போங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அவசியமான பழக்கம் ஒன்று: சான்றிதழில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள், அந்தப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும் எண்ணைத் தேடி அழையுங்கள். போலியை அச்சடித்தவருக்குப் போன் எண்ணை அச்சடிக்கத் தெரியாதா என்ன?

வெளி உலகத்தையும் பாருங்கள். பதிவாளர்களுக்காக அமெரிக்காவில் 1910-இல் தொடங்கிய ஆக்ரோ, கல்வி ஆலோசகர்களுக்காக 1979-இல் தொடங்கிய நகாடா மாதிரி அமைப்புகள் இருக்கின்றன. மாநாட்டுக்குப் போனால் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள், உங்கள் அலுவலகத்தில் ஓடும் அதே மென்பொருளோடு மல்லுக்கட்டும் இரண்டு பேரையாவது பிடித்துப் பேசிவிட்டு வாருங்கள். என் அனுபவத்தில் உரைகளைவிட டீ இடைவேளைதான் அதிகம் கொடுத்தது.

இதற்கெல்லாம் நேரம்? மேலதிகாரியிடம் போய் "பயிற்சி வேண்டும்" என்று கேட்டால் கோப்பில் போட்டு மூடிவிடுவார். அந்த நோட்டைத் திறந்து காட்டி, வாரத்தில் ஒரு மணி நேரம் கவுன்ட்டரை மூட அனுமதி கேளுங்கள். அடுத்த செமஸ்டரில் அதே இரண்டு வாரம் மறுபடியும் குறித்து, மூன்றாவது கட்டத்தில் எத்தனை வரி குறைந்திருக்கிறது என்று எண்ணி அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.