வீதி அகலிப்புக்கு முன் ஓரங்களைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீதியை அகலிக்கப் போகிறார்கள் என்றால் நான் முதலில் பார்ப்பது அதன் இரு ஓரங்களையும்தான். தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி, மாடுகள் உடலை உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல், கேணி, வழிப்போக்கர் தங்கும் மடம் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. பருத்தித்துறைத் தெருமூடிமடத்தின் ஊடாக வீதியே செல்கிறது!

பழைய நில அளவைப் படத்தைப் புதிய திட்டத்தோடு ஒப்பிடுங்கள். ஊர் முதியவர்களிடம் காணிப் பெயர்களைக் கேளுங்கள். பிறகு நடங்கள். மழை ஓய்ந்த மறுநாள், காலை வெயில் சாய்ந்து விழும்போது செம்மண்ணில் பழைய மட்பாண்ட ஓட்டுத் துண்டுகள் நன்றாகத் தெரியும். உட்புறம் கறுத்து, வெளிப்புறம் சிவந்த துண்டைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். கந்தரோடையிலும், 1980இல் ஈமப் புதைகுழியில் முத்திரை கிடைத்த ஆனைக்கோட்டையிலும் வெளிப்பட்ட பழங்காலக் கறுப்புச் சிவப்பு மட்கலத்தின் துண்டாக அது இருக்கலாம்.

தயவுசெய்து அதைப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். வீதியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீற்றர் என்று எழுதுங்கள். வடிகால் வெட்டிய இடமிருந்தால் பக்கச் சுவரில் சாம்பல் அடுக்கும் கரித்துண்டும் தெரிகின்றனவா என்று பாருங்கள். நீங்களாகத் தோண்டக் கூடாது. அகழ்வுக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

குறிப்புகளை பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்குவதற்கு முன்பே திணைக்களத்திடமும் வீதிப் பொறியியலாளரிடமும் கொடுங்கள். வரைபடத்தில் இருக்கும்வரை வீதிக்கோட்டைச் சற்று நகர்த்துவது எளிது. சுமைதாங்கியை இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கமிட்டு, எழுத்துப் பொறிப்பைப் படமெடுத்து, அதே வீதியோரத்தில் மீண்டும் நிறுத்தும்படி எழுத்தில் கேளுங்கள்.