கன்றின் வயிறு பழகும் வரை: முதல் எட்டு வாரத் தீனி

லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பசு வைத்திருந்து, முதன்முதலாகக் கன்று வளர்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தீனியைச் செரிக்க வைக்கும் நொதிகள் எல்லாமே கன்றின் வயிற்றில் பிறக்கும்போதே ஊறுவதில்லை. எதை, எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் வயிறும் பழகும்.

முதல் நாள்: சீம்பால்

கன்று விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு. 30 கிலோ கன்றுக்கு 3 லீட்டர், 12 மணி நேரத்துக்குள் இரண்டு தடவையாகக் கொடுக்கலாம். புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் சீம்பாலிலேயே இருக்கிறது. அதனால் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சிதையாமல் குடல் வழியாக இரத்தத்தில் சேரும். 24 மணி நேரம் போனால் அந்த வழி அடைபட்டுவிடும். சீம்பால் கிண்டிச் சாப்பிட ஆசை இருக்கும்தான். கன்று குடித்த மிச்சத்தில் கிண்டுங்கள்.

முதல் இரண்டு வாரம்: பால் மட்டும்

பாலை உறைய வைக்கும் கைமோசினும், பால் சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸும் இப்போது நிறைய ஊறும். மாட்டு வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. பால் கடைசி அறையான நான்காம் வயிற்றில் தயிர்க்கட்டி மாதிரி திரண்டு, மெதுவாகச் செரிக்கும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் காலைக் குளிரில் வாளிப் பால் சீக்கிரம் ஆறிவிடும். 38, 39 பாகை சூட்டில் கொடுங்கள். வாளியில் குடிக்கத் தெரியாத கன்றுக்குப் பாலில் நனைத்த விரலைச் சப்பக் கொடுத்து, அப்படியே கையை மெல்லப் பாலுக்குள் இறக்குங்கள். சப்பிக் குடித்தால்தான் பால் முதல் வயிற்றைத் தாண்டி நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும். வாயைப் பிளந்து ஊற்றினால் முதல் வயிற்றில் விழுந்து புளிக்கும், புரையேறவும் கூடும்.

பாலை விற்றுவிட்டுச் சோற்றுக்கஞ்சியும் சீனித் தண்ணீரும் கொடுக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மாச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் பிஞ்சுக் கன்றுக்கு மிகக் குறைவு. சீனியைப் பிரிக்கும் சுக்ரேஸ் கன்றின் குடலில் கிடையவே கிடையாது. செரிக்காத சீனி தண்ணீரை இழுத்துக்கொண்டு கழிச்சலாகப் போகும். பிஞ்சுக் கன்றுக்குக் கழிச்சல் ஓரிரு நாளில் உயிரையே எடுத்துவிடும். கண்டால் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து: கன்றுத் தீவனம்

பால் குடித்து முடித்த கையோடு ஒரு பிடி கன்றுத் தீவனத்தை வாயில் தடவுங்கள். அது முதல் வயிற்றில் நொதித்து உண்டாகும் பியூட்டிரிக் அமிலம்தான் வயிற்றுச் சுவரின் முளைகளை வளர்க்கும். புல் மட்டும் தின்றால் அந்த வளர்ச்சி மந்தம். குவாத்தமாலாப் புல் இப்போதைக்கு முரடு. இளம் புல் கொஞ்சம் போதும். நல்ல தண்ணீரைத் தனி வாளியில் வையுங்கள்.

பால் நிறுத்துவது

எட்டு வாரமளவில், தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஒரு கிலோ தீவனம் தின்றால் பாலைக் குறைக்கத் தொடங்கலாம். ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் குறையுங்கள். பால் குறையக் குறைய லாக்டேஸும் கைமோசினும் குறைந்து, புரதத்தைச் செரிக்கும் பெப்சின் கூடும். கடும் மழையும் குளிருமாக இருந்தால் அந்த வாரம் நிறுத்த வேண்டாம், தள்ளிப் போடுங்கள்.