செடித்தொட்டிக்கு உரம்: 2 அடி தொட்டியை வைத்து ஒரு கணக்கு

மீன் தொட்டியில் புதிதாகச் செடி வைத்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இலை மஞ்சளாகுது, எந்த உரம் வாங்கட்டும்? கடையில் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பல பாட்டில்களில் எழுதியிருக்காது. அதனால் பாட்டிலை ஒதுக்கிவைத்துவிட்டு, செடிக்கு என்ன வேண்டும், தண்ணீரில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கணக்குக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும், ஆனால் கல்லும் மண்ணும் மேலே விடும் இடமும் போக 45 லிட்டர்தான் தேறும். உரத்தை அந்த 45-க்குத்தான் அளக்க வேண்டும்.

முதலில் லைட்டைப் பாருங்கள். செடி எவ்வளவு சாப்பிடும் என்பதை முடிவுசெய்வது உரம் அல்ல, வெளிச்சம். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு ஊட்டும் சிலிண்டர் இல்லாத தொட்டியில் லைட்டை 10, 12 மணி நேரம் எரியவிட்டால், செடியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, மிச்ச வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். 6 முதல் 8 மணி நேரம் போதும். சாதாரண டைமர் பிளக் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் இந்த வேலை முடிந்தது.

அடுத்து, உங்கள் செடி எங்கிருந்து சாப்பிடுகிறது? அமேசான் ஸ்வோர்டும் கிரிப்டோகோரைனும் வேர்வழியாக நிறைய எடுப்பவை. வெறும் கூழாங்கல்லில் வைத்திருந்தால் வேருக்குப் பக்கத்தில் ரூட் டேப்லெட் (வேருக்கான உர மாத்திரை) ஒன்றை ஆழமாக அழுத்திவிடுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ் வகைச் செடிகள், மிதக்கும் செடிகள் எல்லாம் தண்ணீரிலிருந்தே எடுப்பவை, அவற்றுக்குத் திரவ உரம்தான். (அனுபியாஸின் தண்டை மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும்.)

இப்போது தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் அதில் கால்சியமும் மக்னீசியமும் பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும், தனியாக வாங்க வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு அந்த இரண்டும் கட்டாயம் வேண்டும், அல்லது கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்துவிடுங்கள். மீன் நிறைய இருந்தால் தீவனத்திலிருந்தும் கழிவிலிருந்தும் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் ஓரளவு வந்துவிடும். அப்போதும் பொட்டாசியமும் இரும்பும் குறையலாம்.

சரி, உரத்தைக் கலப்போம். இதற்கு அக்வாரியம் கடையைவிட விவசாய உரக்கடை மேல். பையில் உள்ள மூன்று எண்களும் வரிசையாக நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் சத்தின் அளவைச் சொல்பவை. 13:0:45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட், 0:52:34 என்று கேட்டால் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், நீரில் முழுதாகக் கரையும் தூளாகக் கொடுப்பார்கள். வேறு எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். 19:19:19, யூரியா, டி.ஏ.பி. மூன்றையும் தொடவே கூடாது. இவற்றில் நைட்ரஜன் அமோனியமாகவோ யூரியாவாகவோ இருக்கிறது, அது தொட்டியில் அமோனியாவாகும், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏற ஏற அதன் விஷமும் கூடும், பி.எச். அதிகமுள்ள போர் தண்ணீரில் மீன் தாங்காது.

500 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் 13:0:45 தூள் 30 கிராம், 0:52:34 தூள் 3 கிராம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் நிழலில் வையுங்கள். மீதித் தூளை ஈரமும் நெருப்பும் அண்டாமல் வைக்க வேண்டும், பொட்டாசியம் நைட்ரேட் என்பது வெடியுப்புதான்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் 10 மில்லி எடுத்து 45 லிட்டர் தொட்டியில் விட்டால் நைட்ரேட் 7, 8 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பாஸ்பேட் 1-க்குக் கொஞ்சம் கீழே, பொட்டாசியம் 5 பிபிஎம் சுமார் ஏறும். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு வாரத்துக்கு ஒருமுறை இது போதும். வாராவாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, மாற்றிய பிறகு உரம் விடுங்கள். செடி ஒன்றுமே சாப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்த டோஸால் மட்டும் நைட்ரேட் 26-ஐத் தாண்டாது. மீன் கழிவு அதற்கு மேல் எவ்வளவு சேர்க்கிறது என்பதை நைட்ரேட் டெஸ்ட் கிட்டில் பார்த்து, அதிகமாக இருந்தால் டோஸைப் பாதியாக்குங்கள்.

இரும்பு, மாங்கனீசு, போரான் போன்ற நுண்சத்துகளைத் தனி பாட்டிலில், வேறு நாளில் கொடுங்கள். பாஸ்பேட்டோடு ஒன்றாகக் கலந்தால் இரும்பு படிந்து வீணாகிவிடும். லேபிளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், இரும்பைக் கரைந்தபடி பிடித்துவைக்கும் வேதிப்பொருள் எது என்பது: இ.டி.டி.ஏ. வடிவ இரும்பு பி.எச். 7-க்கு மேல் நிலைத்து நிற்காது, டி.டி.பி.ஏ. வடிவம் சுமார் 7.5 வரை தாங்கும். போர் தண்ணீர்க்காரர்கள் இரண்டாவதைத்தான் தேடி வாங்க வேண்டும். உரக்கடையில் இ.டி.டி.எச்.ஏ. என்று ஒன்றையும் நீட்டுவார்கள், அதிக பி.எச்.சிலும் நன்றாகவே நிற்கும், ஆனால் தொட்டித் தண்ணீர் சிவந்துவிடும். இறால் வளர்ப்பவர்கள், செம்பு அதிகமானால் அதற்கு ஆகாது என்பதால், செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, லேபிள் அளவைத் தாண்டாமல் விடுங்கள்.

அப்புறம் இலையைப் படிக்கப் பழகுங்கள். பழைய இலை முழுக்க மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு, பழைய இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து பெரிதானால் பொட்டாசியம். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. நைட்ரஜன், பொட்டாசியம் போன்றவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதியதற்குக் கொடுத்துவிடும், இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அதனால்தான் இந்த வித்தியாசம். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் வந்தால் பாஸ்பேட் போதவில்லையா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

வாங்கி வந்த முதல் சில வாரங்களில் இலை கரைவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பல செடிகள் நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்தவை, பழைய இலையை உதிர்த்துவிட்டு நீருக்கடி இலையை விடும். கிரிப்டோகோரைன் இதில் பேர்போனது, மொத்தமாகக் கரைந்தாலும் வேரைப் பிடுங்காமல் விட்டால் திரும்பத் துளிர்க்கும்.

எதையாவது மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் காத்திருங்கள், அப்புறம் புது இலையை மட்டும் பாருங்கள். ஓட்டை விழுந்த பழைய இலை எந்த உரத்துக்கும் அடைபடாது, கத்தரித்துவிடலாம்.