கருங்கல் என்ற பெயருக்குள் எத்தனை கற்கள்: பாறைகளை இனங்காணப் பழகும் முறை

கடினமாகவும் சற்றே கருமையாகவும் இருக்கும் எந்தக் கல்லையும் தமிழ்நாட்டில் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். கடைக்கால் போடுபவருக்கு அந்தச் சொல் போதும். பாறைகளை அறிய விரும்புபவருக்கு அது போதாது. கிரானைட், நைஸ், சார்னோக்கைட், டோலரைட் எனத் தோற்றத்திலும் ஆக்கத்திலும் வேறுபட்ட பாறைகள் அந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், நம் மாநிலத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கும் பாறைகளை அடையாளம் காணக் கற்றுக்கொண்டதாகவே கொள்ளலாம்.

இதற்கு மலையேற வேண்டியதில்லை. வீடு கட்டுமிடத்தில் கொட்டிக் கிடக்கும் ஜல்லிக் குவியலைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது. வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்த கல்லின் மேற்புறம் பழுப்பேறி, உள்ளிருப்பதை மறைத்துவிடும். ஜல்லியிலோ எல்லா முகங்களும் புதிதாக உடைந்தவை. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், பேனாக்கத்தி, சிறு காந்தம், கொஞ்சம் வினிகர், தண்ணீர், குறிப்பேடு ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கல்லை நீங்களே உடைப்பதானால் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

உடைந்த முகத்தை நனைத்து, லென்ஸை கண்ணருகே பிடித்துக்கொண்டு கல்லைக் கிட்டக் கொண்டுவாருங்கள். நிறத்தைப் பிறகு பார்க்கலாம். பருக்கைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதே முதற்கேள்வி. பாறைக்குழம்பு ஆறும்போது படிகங்கள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வளர்வதால், அனற்பாறையில் அவை இடைவெளியின்றிக் கோத்துக்கொண்டிருக்கும். மெதுவாக ஆறினால் கண்ணுக்குத் தெரியும் பெரிய படிகங்களும், விரைவாக ஆறினால் நுண்ணிய படிகங்களும் உண்டாகும். படிவுப் பாறையில் தனித்தனி மணல்மணிகளை ஏதோ ஒரு பசை ஒட்டவைத்தது போலிருக்கும். விரலால் தேய்த்தால் சில நேரம் மணல் உதிரும், ஒரு சொட்டு நீர் விட்டால் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். உருமாறிய பாறையில் கனிமங்கள் அழுத்தத்தால் ஒரே திசையில் அடுக்கப்பட்டு, வெளிர்நிறப் பட்டையும் கரும்பட்டையும் மாறிமாறி வருவதைப் பெரும்பாலும் காணலாம். அத்தகைய பட்டைகள் கொண்ட பருமணிப் பாறையே நைஸ். அதே கனிமங்கள் பட்டையின்றிக் கலந்து கிடந்தால் கிரானைட்.

அடுத்தது கனிமங்கள். கிரானைட்டில் கண்ணாடிச் சில்லு போல ஒழுங்கற்று உடைந்திருப்பது குவார்ட்ஸ். கல்லைத் திருப்பும்போது தட்டையான முகத்தோடு பளிச்சிடும் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பருக்கை ஃபெல்ஸ்பார். நகத்தால் ஏடு ஏடாக உரிக்க முடிவது காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா. வெள்ளைக் கல் எதுவென்று ஐயம் வந்தால் கத்தியை எடுங்கள். 1 முதல் 10 வரை செல்லும் மோஸின் கடினத்தன்மை அளவுகோலில் நகம் ஏறத்தாழ 2.5, கத்தி 5.5, குவார்ட்ஸ் 7. ஆகவே குவார்ட்ஸைக் கத்தி கீறாது, சுண்ணாம்புக்கல்லை எளிதாகக் கீறும். இரும்பு கல்லின் மேல் விட்டுச்சென்ற கோட்டையே கீறல் என்று நம்பிவிடுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. துடைத்த பின்பும் பள்ளம் இருந்தால்தான் கீறல்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் வினிகர் விட்டு லென்ஸால் பார்த்தால் குமிழிகள் எழும். சேலத்தின் மாக்னசைட்டும் வெண்மையானதுதான், அதையும் கத்தி கீறும், ஆனால் குமிழி ஏறக்குறைய வராது. சேலத்தருகே உள்ள கஞ்சமலைக் கல்லில் காந்தம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், ஏனெனில் அதில் குவார்ட்ஸ் பட்டைகளுக்கிடையே மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் இருக்கிறது. டோலரைட்டும் சில நேரம் காந்தத்தை மெல்ல இழுக்குமாதலால், காந்தத்தை மட்டும் கொண்டு முடிவு கட்டக்கூடாது.

மிகுதியாகத் தடுமாற வைப்பவை சார்னோக்கைட்டும் டோலரைட்டும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னாக்கின் கொல்கத்தாக் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னாக்கின் பெயரையே அப்பாறைக்கு வைத்தார். சென்னையின் பரங்கிமலையும் அதே பாறையாலானது. சார்னோக்கைட்டின் குவார்ட்ஸ் எண்ணெய் தடவியது போல் நீலச்சாம்பல் நிறத்தில் மங்கலாக இருப்பதும், பாறை முழுவதும் பச்சை கலந்த கருமை படர்ந்திருப்பதும் அதன் அடையாளங்கள். டோலரைட்டில் குவார்ட்ஸ் கண்ணுக்குப் படாது, பருக்கைகள் நுண்ணியவை, ஒரே அளவுள்ள கிரானைட் துண்டோடு கையில் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும், ஏனெனில் கிரானைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.65 கிராம், இதனுடையது 3.0 அளவில் இருக்கும். கடையில் கறுப்பு கிரானைட் என்று விற்கப்படும் பலகை பல நேரங்களில் இந்த டோலரைட்டோ அதன் பருமணி உறவான காப்ரோவோதான். வணிகர் சொல்லும் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள்.

எடுத்த ஒவ்வொரு துண்டிலும் சிறிது வெள்ளைப் பூச்சடித்து எண்ணிட்டு, ஊர், தேதி, அது பாறையோடு ஒட்டியிருந்ததா, உதிர்ந்து கிடந்ததா என்பதையும் எழுதுங்கள். ஜல்லி பல மைல் தொலைவிலிருந்து லாரியில் வந்திருக்கக்கூடும் என்பதால் அதைக் கொண்டு உங்கள் ஊர்ப் பாறையைத் தீர்மானிக்க இயலாது. திருவக்கரை, சாத்தனூர் போன்ற கல்மரப் பூங்காக்களில் எதையும் எடுக்காமல் படமும் குறிப்பும் மட்டும் கொண்டுவாருங்கள். நைஸ் பாறைக்குள்ளேயே சார்னோக்கைட் திட்டுத்திட்டாக உருவாகியிருக்கும் துண்டு உங்கள் கைக்கு வந்தால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயலாமல் இரு பெயர்களையும் எழுதி, எல்லை எங்கே ஓடுகிறதென்று சிறு படமாக வரைந்து வையுங்கள்.