திருட்டு ஆபாசத் தளங்களில் கைப்பேசியையும் பணத்தையும் இழக்காமல் இருப்பது எப்படி

காட்பாடியில் நான் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். கல்லூரி மாணவர்கள், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள், வேலூருக்கு வைத்தியம் பார்க்க வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் என எல்லாத் தரப்பினரும் வருகிறார்கள். சிலர் "போன் ஸ்லோவா இருக்குண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரை தெரியாதபடி கவிழ்த்து மேசைமேல் வைப்பார்கள். மேற்கொண்டு கேட்டால் பதில் வராது. அந்த வெட்கத்தை நம்பித்தான் மோசடிக்காரர்கள் தொழில் நடத்துகிறார்கள் என்பதால், கடையில் நேரில் சொல்லத் தயங்குவதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கட்டணப் படங்களைத் திருடி இலவசமாகக் காட்டும் தளங்களுக்கு ஒழுங்கான விளம்பர நிறுவனங்கள் விளம்பரம் தருவதில்லை. ஆகவே அவை பெரும்பாலும், ஒரு செயலியை நிறுவவைத்தால் இவ்வளவு, ஓர் அறிவிப்புக்கு அனுமதி வாங்கித் தந்தால் இவ்வளவு என்று பணம் தரும் விளம்பர வலைகளைச் சார்ந்தே பிழைக்கின்றன. படத்தை ஓடவிடும் முக்கோணத்தைத் தொட்டவுடன் வேறொரு பக்கம் திறப்பதற்குக் காரணம் இதுதான். அப்படித் திறந்த பக்கத்தில் எதையும் தொடாமல், மூடு என்று எழுதியிருக்கும் பெருக்கல் குறியையும் தொடாமல், உலாவியின் தாவலையே மூடிவிட வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தம்பியின் கைப்பேசியில், அரை நிமிடத்துக்கு ஒரு முறை "உங்கள் போனில் 13 வைரஸ்கள்" என்று சிவப்பு முத்திரையோடு செய்தி வந்துகொண்டே இருந்தது. கைப்பேசியில் வைரஸ் எதுவும் இல்லை. "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று ஏதோ ஒரு தளம் கேட்டதற்கு அவர் அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். குரோம் உலாவியின் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று சென்றால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். அறிமுகமில்லாத பெயர்கள் அனைத்தையும் நீக்கியதும் தொல்லை நின்றது. அந்தச் செய்தியை நம்பி வைரஸ் நீக்கும் செயலி ஒன்றை இறக்கியிருந்தால்தான் உண்மையான ஆபத்து வந்திருக்கும்.

ஆபத்துகளில் பெரியது ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும் கோப்பு. "இந்தப் படத்தைப் பார்க்க எங்கள் பிளேயரை நிறுவுங்கள்" என்று கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் உலாவியில் ஓடும் காணொளிக்குத் தனிச் செயலி தேவையில்லை. பெயரில் எம்பி4 என்று இருந்தாலும் கடைசியில் ஏபிகே என்று முடிந்தால் அது படமன்று, செயலி. அத்தகைய செயலிகள் முதலில் குறுஞ்செய்திகளைப் படிக்கவும், பிறகு அணுகல்தன்மைச் சேவையை இயக்கவும் அனுமதி கேட்கும். முதல் அனுமதியால் ஓடிபி அவர்கள் கைக்குப் போகிறது. இரண்டாவதால் திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்கள் விரலுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அவர்களால் முடிகிறது. தெரியாத ஆப்ஸை நிறுவும் அனுமதியை உலாவிக்கும் டெலிகிராமுக்கும் இன்றே அணைத்து வையுங்கள்.

மடிக்கணினியில் பார்ப்பவர்களுக்கு ஒன்று: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி எதையாவது ஒட்டச் சொல்லும் பக்கம், உங்கள் கையாலேயே தீநிரலை ஓடவைக்கிறது.

காவல்துறைச் சின்னத்தோடு திரை முழுவதும் நிரம்பி, "அபராதம் கட்டாவிட்டால் கைது" என்று மிரட்டும் பக்கம் வெறும் வலைப்பக்கமே. எந்தக் காவல் நிலையமும் உலாவி வழியாக அபராதம் வாங்குவதில்லை. உலாவியைக் கட்டாயமாக நிறுத்தினால் அது போய்விடும். வயதுவந்தவர் தனிமையில் பார்ப்பது தன்னளவில் குற்றமாகாது. பிறருக்கு அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளின்படி குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் காட்டும் எதையும் தேடுவதும் பார்ப்பதும் இறக்குவதுமே 67பி பிரிவின்படி குற்றம் என்பதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது.

ஏபிகேயை ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால், டேட்டாவையும் வைஃபையையும் உடனே அணைத்து, சிம்மைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் போடுங்கள். அதன்பின் வரும் ஓடிபி அந்தச் செயலியின் கண்ணில் படாது. அந்த வேறு கைப்பேசியிலிருந்தே வங்கிக்குச் சொல்லி, கடவுச்சொற்களையும் யூபிஐ பின்னையும் மாற்றுங்கள். வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி சொல்கிறது. கவனக்குறைவு நம்முடையது என்றால், அதுவரை போன பணத்தின் இழப்பு நம்முடையதுதான். எனவே யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. செயலியை நீக்க முடியாமல் அடம்பிடித்தால், நாம் நிறுவிய செயலிகள் ஓடாத பாதுகாப்பான பயன்முறையில் (சேஃப் மோட்) கைப்பேசியைத் தொடங்கி நீக்கலாம். எனக்கு அதிலும் முழு நம்பிக்கை இல்லை. படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பதையே செய்கிறேன்.

பணம் போயிருந்தால் மீட்டமைப்பதற்கு முன்பே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பரிவர்த்தனை எண் உள்ள வங்கிக் குறுஞ்செய்தி, செயலியின் பெயர், தளத்தின் முகவரி ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள், தளத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நேரில் போகிறவர்கள் 2019க்குப் பின் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் என்பதை நினைவில் வைத்து, வேலூருக்கு அலையாமல் தத்தம் மாவட்டத்துச் சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கே செல்லலாம்.